நாலாவது எலுமிச்சம்பழம்

கலாமணியின் வலது கால் இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தது. செருப்பு எப்போதோ கழன்று சீட்டுக்கு அடியில் போய்விட்டது. வெறும் பாதம் ரப்பர் கால்மிதியில் பதிந்து, முழங்கால்வரை நரம்பு விறைத்து, இன்னும் இன்னும் என்று அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே பிரேக் கிடையாது, பிரேக் இருப்பது அந்தப் பக்கம், மகள் மிதுனாவின் காலடியில், இது கலாமணிக்குத் தெரியாத விஷயமல்ல, ஆனாலும் கால் கேட்க வேண்டுமே. இடித்த சத்தம் என்னவோ சின்னச் சத்தம்தான், கதவைக் கொஞ்சம் ஓங்கிச் சாத்தினால் வருமே அவ்வளவுதான், அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய சத்தம். ஓரமாக நின்ற குட்டியானை லோடு வேனின் பின்பக்கத்தில் போய்க் கார் முட்டியிருந்தது, அதில் கல்யாண வீட்டுச் சமையல் பாத்திரங்களை அடுக்கி வைத்திருந்தார்கள், அண்டாவும் குண்டாவும் கரண்டியுமாக அத்தனையும் ஒன்றோடொன்று மோதி அலறி, மேலே இருந்த அண்டா மூடி ஒன்று நழுவி ரோட்டில் விழுந்தது. விழுந்த மூடி மரியாதையாகப் படுத்திருக்கலாம். படுக்கவில்லை. நிமிர்ந்து நின்று, ரோட்டைக் கடந்து, டீக்கடை வாசலுக்கு உருண்டு போய், பெஞ்சில் இருந்தவர்கள் காலைத் தூக்கி வழி விட, அங்கே சுற்றிச் சுற்றித் தாழ்ந்து ஒரு வழியாக ஓய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உடுமலைச் சந்தை முக்கில் நின்ற அத்தனை பேரும் அந்த மூடியைத்தான் பார்த்தார்கள், காரை அதற்கப்புறம்தான் பார்த்தார்கள், அந்தச் சின்ன இடைவெளியில் கலாமணி மகளைப் பார்த்துவிட்டாள். லைசென்ஸ் வந்து மூன்று வாரம்கூட ஆகாத பிள்ளை. இரண்டு கையும் ஸ்டியரிங்கைச் சொல்லிக்கொடுத்த இடத்தில் சொல்லிக்கொடுத்தபடி பிடித்திருந்தன. கலாமணி ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள், ஆளை முகத்தை வைத்தே அளக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. உதடு வெளுக்கவில்லை, மூச்சு வேகமாக வாங்குகிறது, வாங்கட்டும், மயங்கி விழுகிற முகம் இதில்லை. "அடி கிடி பட்டுச்சா பாப்பா?" என்றாள். "இல்லம்மா." "வண்டிய ஆஃப் பண்ணீரு." "அதுவே ஆஃப் ஆயிருச்சும்மா." அடி இல்லை. ரோட்டிலும் யாருக்கும் அடி இல்லை. கலாமணிக்குள் ஒரு சந்தோஷம் கிளம்பியது, இந்த நேரத்தில் சந்தோஷப்படுகிறோமே, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அதை அடக்கப் பார்த்தாள், அது அடங்கவில்லை.

இடித்தது எந்தப் பக்கம்? எட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை, அவள் உட்கார்ந்திருக்கும் பக்கம்தான், இடது முன்மூலை, இடது முன் சக்கரத்துக்கு மேலே. எலுமிச்சம்பழம் வைக்காத சக்கரம். இந்த நினைப்பு வந்ததும் கலாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. லைசென்ஸ் தபாலில் வந்த அன்றைக்கு அவள் வீட்டுக்காரர் பாலதண்டபாணி, மோட்டார் ரீவைண்டிங் கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடி வந்து, கற்பூரம் கொளுத்தி, நாலு சக்கரத்துக்கும் பழம் வெச்சு பாப்பாவ ஒரு சுத்துச் சுத்திட்டு வரச் சொல்லோணும் என்றார். வீட்டில் இருந்ததே நாலு பழம். அன்றைக்கு எலுமிச்சம்பழச் சாதம் என்று காலையிலேயே தாளித்து வைத்தாகிவிட்டது, பிழிவதுதான் பாக்கி. மூன்று சக்கரத்துக்கு வைத்தாள், நாலாவதைச் சாதத்தில் பிழிந்தாள், சாமி என்ன சக்கரம் சக்கரமாகக் குனிந்தா பார்க்கும் என்று நினைத்தாள். சாமி பார்த்திருக்கிறது. சாதம் நன்றாகத்தான் இருந்தது, அவர் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டார், காருக்கு வைக்க வேண்டியதை அவர் வயிற்றுக்கு வைத்தாயிற்று. சே, என்ன பேச்சு இது, சர்க்கரை ஏறினதுக்குச் சனியைக் குற்றம் சொல்கிறவர்களிடம் தினமும் லட்டைப் பற்றிக் கேட்கிறவள் அவள், அவள் போய் எலுமிச்சம்பழத்தை நினைத்துக்கொண்டிருக்கிறாளே. இருந்தாலும் மூன்று சக்கரம் இருக்க, சரியாக அந்த ஒன்றுதானா? வலது பக்கம் இடித்திருந்தால் மனசு ஆறும். மனசு ஆறாது, வலது பக்கம் மிதுனா உட்கார்ந்திருக்கிறாள், இங்கேயே இடித்தது நல்லதாயிற்று. அப்படியென்றால் பழம் வைக்காததும் நல்லதுதானா? அந்தக் கேள்வியில் போய் நினைப்பு சிக்கிக்கொண்டது, முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

டீக்கடைக்காரர்களும் சந்தைக்குப் போகிறவர்களுமாகக் கூட்டம் சேர்ந்துவிட்டது. பின்னால் நின்ற பஸ் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனது. "பாப்பா புதுசுங்களா?" என்றார் ஒருவர். "எல் போர்டு ஒட்டறதில்லீங்களா?" என்றார் இன்னொருவர். கழுத்தில் துண்டு போட்ட ஒரு பெரியவர் இடது பக்கமாகக் குனிந்து நசுங்கிய இடத்தைத் தடவிப் பார்த்து, "பழம் வெச்சுத்தான் எடுத்தீங்களா அம்மிணி?" என்று நேராக அவளையே கேட்டார். கலாமணிக்குப் பொய் வரவில்லை. "மூணு வெச்சோமுங்க" என்றாள். "மூணா?" என்றார் அவர். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்குள் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கலாமணி பக்கத்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார், நல்ல மனிதர்தான், முகத்திலேயே தெரிகிறது. "சாவியக் குடு பாப்பா, நான் பின்னால எடுத்து ஓரமா உட்டர்றேன்" என்றார். மிதுனா மறு பேச்சில்லாமல் சாவியை உருவினாள். உருவிய சாவி அம்மாவின் முகத்துக்கு முன்னால், அந்த விரிந்த உள்ளங்கையை நோக்கிப் போனது. அது போன போக்கைப் பார்த்ததும் கலாமணியின் கை தானாக எழுந்து நடுவில் பிடித்துக்கொண்டது. "வேண்டாமுங்க. அவளே எடுப்பா" என்றாள். சொன்ன பிறகுதான் தன் குரல் அத்தனை பலமாக வந்திருப்பது காதில் விழுந்தது. வெள்ளைச் சட்டைக்காரர், சரிங்க, உங்க இஷ்டம் என்று கையை எடுத்துக்கொண்டார். மிதுனா முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்: "என்னால முடியாதும்மா. அப்பாவ வரச் சொல்லு. நான் இனி எடுக்க மாட்டேன்."

இனி. அந்த ஒரு வார்த்தைதான் கலாமணியின் காதில் நின்றது. பம்பர் நசுங்கினால் தட்டி எடுக்கலாம், விளக்குக் கண்ணாடி போனால் மாற்றிக்கொள்ளலாம், இந்த இனியை எந்தப் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுப்பது? உள்ளங்கையில் சாவி சூடாக இருந்தது. சாவி இப்போது யார் கைக்குப் போகிறதோ அதுதான் முக்கியம், மற்றதெல்லாம் ஒன்றுமில்லை, அவளைவிட இது யாருக்குத் தெரியும். அவளுக்கும் ஒரு சாவி இருந்தது. மிதுனா வயசுதான் அப்போது, அண்ணன் புதிதாக வாங்கிய மொபெட்டை ஆசை ஆசையாக எடுத்து, முதல் திருப்பத்திலேயே ஒரு சோளத்தட்டுப் போரில் கொண்டுபோய் விட்டாள். முழங்கையில் கொஞ்சம் தோல் வழித்துக்கொண்டது, வேறொன்றும் இல்லை, வண்டிகூட ஓடுகிற நிலையில்தான் இருந்தது. அவள் அப்பா வந்தார், வண்டியைத் தூக்கி நிறுத்தினார், வலிக்குதா கண்ணு என்று கேட்டார், சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளும் வாய்க்கு வாய் பேசிச் சாவியைப் பிடுங்கியிருப்பாள், அந்தத் திமிர் அவளிடம் இருக்கத்தான் இருந்தது. திட்டாமல் முழங்கைக்கு மஞ்சள் பற்றுப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஊதிவிட்டார். பாசத்தோடு யார் சண்டை போடுவது? சாவி போனது போனதுதான். அதற்கப்புறம் பின்சீட்டு. அப்பாவுக்குப் பின்னால், அண்ணனுக்குப் பின்னால், கல்யாணமானதும் வீட்டுக்காரருக்குப் பின்னால், கார் வந்த பிறகும் பின்சீட்டுதான், உடுமலையை அவள் எப்போதும் ஒரு முதுகுக்கு இரண்டு பக்கத்திலுமாகவே பார்த்திருக்கிறாள். குறையொன்றும் இல்லை. பின்சீட்டிலும் சுகம் உண்டு, மடியில் வெங்காயப் பையை வைத்துக்கொண்டு காற்றில் கண்ணை மூடினால் வீடு வருவதே தெரியாது, பெட்ரோல் இருக்கிறதா, போலீஸ்காரர் நிற்கிறாரா என்ற கவலை எதுவும் கிடையாது, இதை வேண்டாம் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அதுதான் பயமாக இருந்தது. மிதுனாவும் ஒருநாள் குறையொன்றும் இல்லை என்று சொல்லிவிடுவாள்.

"எப்பிடிப் பாப்பா ஆச்சு? நீ மெதுவாத்தானே போன" என்றாள். கேட்டது குற்றமாகப் படக்கூடாதே என்று குரலை இறக்கிக் கேட்டாள். "மெதுவாத்தாம்மா போனேன்" என்றாள் மிதுனா, இப்போதுதான் அவள் கண் கலங்கியது. "வேனும் கண்ணுல பட்டுச்சு. ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டேன். எடுத்தா நின்னுரும்னு நெனச்சேன். எப்பவும் நின்னுரும்." எப்பவும் நின்னுரும். கலாமணிக்கு அந்த டிரைவிங் ஸ்கூல் காரின் பின்சீட்டு அப்படியே கண்முன் வந்தது. முதல் சில நாள் அவளும் துணைக்குப் போய்ப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். டிரைவிங் மாஸ்டர் காளியண்ணன், வெற்றிலை மென்றுகொண்டு, ஒரு கை ஜன்னலுக்கு வெளியே, ஒரு கை எப்போதாவது ஸ்டியரிங்கில். அந்தக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் தனியாக உண்டு, பிள்ளைகள் கோளாறு பண்ணினால் நிறுத்துவதற்கு. கோளாறு பண்ணுகிற வரைக்கும் காளியண்ணன் எங்கே காத்திருந்தார், ரப்பர்ச் செருப்புப் போட்ட அவர் கால் தறி நெய்கிற மாதிரி ஓயாமல் மிதித்துக்கொண்டேதான் இருந்தது, வாய் அது பாட்டுக்கு, அருமை பாப்பா, அப்பிடித்தான் பாப்பா என்றது. ஸ்பீடு பிரேக்கரில் வண்டி பூப்போல் ஏறி இறங்கும், ஆடு குறுக்கே வந்தால் பதவிசாக நிற்கும். பிள்ளை இத்தனை சீக்கிரம் கற்றுக்கொண்டாளே என்று கலாமணி பின்னால் உட்கார்ந்து பூரித்துப்போனாள், அந்தக் காலைப் பார்த்துக்கொண்டேதான் பூரித்தாள். அப்புறம் வீட்டுக் கார். அதில் பக்கத்தில் வீட்டுக்காரர் உட்கார்ந்துகொண்டு பிரேக்கு பிரேக்கு என்று தெருமுனையிலிருந்தே ஆரம்பித்துவிடுவார், ஹேண்ட் பிரேக்கில் வைத்த கையை எடுக்க மாட்டார். இன்றைக்குத்தான் முதல் தடவையாக அம்மாவோடு வந்திருக்கிறாள், காய் வாங்கி வர, அம்மாவோ குழந்தையைப் பயப்படுத்தக் கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வாயை அடக்கினாள், கால் அடங்கவில்லை. பார்க்கப்போனால் அம்மாவும் மகளும் இரண்டு பேருமே இல்லாத பிரேக்கைத்தான் நம்பியிருக்கிறார்கள், ஒருத்தி தானாக விழும் என்று காத்திருந்தாள், இன்னொருத்தி தரையை மிதித்தாள். இது புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மகள் அழும்போது சிரிக்கிறவள் என்ன தாய் என்று நினைத்துக்கொண்டே சிரிப்பை விழுங்கினாள்.

போன் அடித்தது. அவர்தான். கொத்தமல்லி வாங்கச் சொல்லக் கூப்பிட்டிருப்பார், இந்த நேரம் பார்த்தா? எடுக்காமல் விட்டால் இன்னும் பயப்படுவார். எடுத்தாள். "கொத்தமல்லி மறந்துறாத" என்றார். "ஏனுங்க" என்றாள், "சந்தை முக்குல ஒரு வேன் மேல சின்னதா இடிச்சிருச்சு. ஆருக்கும் ஒண்ணுமில்லீங்க. பாப்பாவுக்கும் ஒண்ணுமில்ல." அந்தப் பக்கத்தில் நாற்காலி தள்ளுகிற சத்தம் கேட்டது. "நான் இப்ப வர்றேன். சாவிய வாங்கி உன்ற கையில வெச்சுக்க. பாப்பாவப் பின்னால உக்கார வெய்யி, தண்ணி குடு, பயந்திருக்கும். அத ஒண்ணுஞ் சொல்லாத, நானும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்" என்றார். அதே குரல்தான். அதே வலிக்குதா கண்ணு. பைக்கில் வந்து, இறங்கி, மகள் தலையைத் தடவி, காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார், எவ்வளவு நல்ல மனிதர், அவரைப்போல ஒருத்தர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், அவர் மட்டும் இப்போது வரக்கூடாது. வரச் சொல்லிவிட்டால் என்ன, பொறுப்பு அவர் தலையில் போய்விடும், அவள் பின்சீட்டில் போய்க் கண்ணை மூடிக்கொள்ளலாம். திரும்பவும் எங்காவது இடித்துவிட்டால்? அடுத்தது மூடியாக இல்லாமல் ஆளாக இருந்துவிட்டால்? "வேண்டாமுங்க" என்றாள். "அவளே ஓட்டிட்டு வருவா." போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, கடையில் ஏதோ மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கலாமணி காத்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறாள், அந்த மௌனத்தின் நீளம் அவளுக்கு அத்துப்படி, இது கோபத்தின் நீளமில்லை, யோசிக்கிற நீளம். "சரி" என்றார் கடைசியில். "அவசரப்பட வேண்டாம்னு சொல்லு. கொத்தமல்லி வாங்கியாச்சா இல்லியா?"

சாவி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. கொடுப்பதென்றால் எப்படிக் கொடுப்பது? புத்தி சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆகாது, பயப்படாதே என்றால் பயம் கூடத்தான் செய்யும். லேபில் சேர்ந்த புதிதில் ஒரு ஆள் வந்தான், லாரி டயர் மாற்றுகிறவன், மலை மாதிரி உடம்பு, நரம்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும். ஒரு தடவை குத்தினாள், கிடைக்கவில்லை. இன்னொரு தடவை குத்தினாள், அப்போதும் கிடைக்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, நாளையிலிருந்து வர மாட்டேன் என்று மனசுக்குள் ராஜினாமாகூட எழுதிவிட்டாள். அந்த ஆள் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே, இன்னொரு கைச் சட்டையை மடித்துவிட்டு, அந்தக் கையை மேஜைமேல் வைத்து, "இதுல எடுங்க" என்றான். அவ்வளவுதான். அதில் கிடைத்தது. அன்றைக்குப் பக்கத்து மேஜைக்காரி யாராவது வந்து பாவமே என்று ஊசியை வாங்கியிருந்தால் கலாமணி இன்றைக்கு வீட்டில் இட்லிக்கு ஆட்டிக்கொண்டிருப்பாள். அப்புறம் எத்தனை கைகள், குழந்தைக் கை, கிழவர் கை, பயந்த கை, அத்தனைக்கும் முன்னால் அந்தக் கை. அவன் பெயர்கூட நினைவில்லை, சீட்டில் எழுதியது அவள்தான், மறந்துவிட்டது. கலாமணியும் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. டீக்கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டே சாவியை மிதுனாவின் மடியில் வைத்தாள். "மாஸ்டர்கூட ஓட்டறப்ப அவரு காலுதான் பிரேக்கு. அப்பாகூட ஓட்டறப்ப அப்பா வாயிதான் பிரேக்கு" என்றாள். "இன்னிக்குத்தான் நீயே ஓட்டியிருக்கற." "ஓட்டி இடிச்சிருக்கேன்" என்றாள் மிதுனா. "இடிச்சதும் நீயேதானே." மிதுனா மூக்கை உறிஞ்சினாள், அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது, அதைப் பார்த்த பிறகுதான் கலாமணிக்கு உயிர் வந்தது.

குட்டியானைக்காரர் அதற்குள் மூடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார். கல்யாணச் சமையல்காரர், மாரப்பன் என்று சட்டைப் பையிலேயே பெயர் தைத்திருந்தது, நெற்றியில் இன்னும் அடுப்புக்கரி. மிதுனா கதவைத் திறந்து இறங்கினாள், அவளாகவே இறங்கினாள், அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தப்பு என்ற மேலதானுங்கண்ணா. சாரிங்க. மூடி நசுங்கிருச்சுங்களா?" என்றாள். மாரப்பன் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மாசி மாசத்துக் கல்யாணத்துலயே நசுங்குனது கண்ணு. என்ற வண்டிக்கும் ஒண்ணுமில்ல, உங்களுதுதான் கொஞ்சம் ஒடுக்கு உளுந்து போச்சு" என்றார். "நீ நின்னுட்டிருந்த வண்டியத்தானே இடிச்ச. லைசென்ஸ் எடுத்த புதுசுல நான் ஓடற வண்டி மேலயே உட்டவன்." பிறகு துண்டுக்காரப் பெரியவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, வண்டியின் பின்னால் சாக்குப் பையில் கைவிட்டுத் துழாவி ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார், கல்யாணத்தில் மிச்சமானது, நல்ல திரட்சியான பழம். ஜன்னல் வழியாகக் கலாமணியிடம் நீட்டினார். "இந்தாங்க அம்மிணி, உங்க நாலாவது பழம். சக்கரத்துக்கு வெச்சு எடுங்க."

பழம் உள்ளங்கையில் குளுகுளுவென்று இருந்தது. கூட்டம் அவளையே பார்த்தது. மிதுனா திரும்ப வந்து ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, காலால் பிரேக்கை ஒரு தடவை மிதித்துப் பார்த்தாள், இன்னொரு தடவை மிதித்துப் பார்த்தாள். "வெக்கலியாம்மா?" என்றாள். வைத்தால் என்ன? இறங்கி, குனிந்து, இடது முன் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டால் அந்தச் சிக்கலும் தீர்ந்துவிடும், இனிமேல் ஏதாவது ஆனால் பழம் வைக்கவில்லை என்று நினைக்க வேண்டியதும் இருக்காது. அப்புறம் மிதுனா ஒழுங்காக ஓட்டினால்? பழம் ஓட்டியது என்று ஆகிவிடும். கலாமணி கைப்பையைத் திறந்து, எலுமிச்சம்பழத்தை உள்ளே போட்டு, ஜிப்பை இழுத்தாள். "நாளைக்குச் சாதத்துக்கு ஆகும். நீ எடு" என்றாள். துண்டுக்காரர் என்னவோ சொன்னார், அது காதில் விழவில்லை, என்ஜின் சத்தம் வந்துவிட்டது.

ரிவர்ஸ் விழுந்தது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கிப் பின்னால் நகர்ந்தது, நின்றது, பிறகு முன்னால் போக ஆரம்பித்தது. வெள்ளைச் சட்டைக்காரர் கையைக் காட்டி வழி ஒதுக்கினார். கலாமணியின் வலது கால் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து கால்மிதிக்குப் போய்க்கொண்டிருந்தது, அவளைக் கேட்காமலேதான். அவள் அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு, அந்தக் காலைத் தூக்கிச் சீட்டின்மேல் வைத்து மடித்தாள், மற்றதையும் தூக்கி மடித்து, பந்தியில் உட்கார்கிற மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "என்னம்மா இப்பிடி உக்காந்துட்ட?" என்றாள் மிதுனா. "வசதியா இருக்குது. நீ ரோட்டப் பாரு." ரோட்டில் வெயில் நன்றாக ஏறியிருந்தது, தக்காளிக் கூடைகள் வரிசையாக இருந்தன, முதல் தடவையாக நடுவில் முதுகு எதுவும் இல்லாமல் மொத்தச் சந்தையும் அவளுக்கு முன்னால் விரிந்து கிடந்தது. பயம் இருந்தது. அதையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் நிம்மதியாகத்தான் இருந்தாள். கொத்தமல்லிக்காரி கடைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வெள்ளாடு எதையோ மென்றபடி குறுக்கே வந்து நடு ரோட்டில் நின்றது. கார் நின்றது. கலாமணி குனிந்து பார்த்தாள். அவள் கால் இரண்டும் சீட்டின்மேல்தான் இருந்தன.